பத்தரை மணிக்குப் புகைப் பரிசோதனை

"சாகணும்னு முடிவு பண்ணினவர் எதுக்கு ஸ்பார்க் பிளக் மாத்தணும், ரேடியோ?"

கேட்டுவிட்டு மேடம் ஒரு காலி அட்டை டப்பாவை என் கையில் திணித்தார். அதே போல இன்னும் மூன்று டப்பாக்கள் ஷெட்டின் மூலையில் கிடந்தன. கூடவே புது ஏர் ஃபில்டர் வந்த உறை, கருத்துப்போன பழைய ஃபில்டர், பாதி தீர்ந்த ஆயில் கேன்.

"மேல போற வழியில வண்டி மக்கர் பண்ணக் கூடாதுன்னு இருக்கும் மேடம்."

சொன்ன பிறகுதான் ஷெட் வாசலைப் பார்த்தேன். எங்களைக் கூட்டிவந்த தையல்காரி அங்கேயேதான் நின்றிருந்தாள். அவளுடைய அப்பாவை வைத்துத்தான் நான் ஜோக் அடித்திருந்தேன். என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ரேடியோ என்பது என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரமே விழுந்த பெயர். யாரும் திருகாமலே பாடுகிறேனாம். மேடம் எனக்கு நேர் எதிர். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களை எதிரே உட்கார வைத்து, பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர். அந்தப் பார்வை தாங்காமல் பாதிப் பேர் தாமாகவே கக்கிவிடுவார்களாம். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

விஷயம் இதுதான். முந்தாநாள் காலை, தையல்காரியின் அப்பா இந்த ஷெட்டுக்குள் மயங்கிக் கிடந்தார். ஓய்வு பெற்ற டாக்சிக்காரர். கதவு சாத்தியிருந்தது, இருபத்து நான்கு வயசான கார் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மூச்சுவிட முடியாத புகை. ஒன்பதேகாலுக்கு மகள் தற்செயலாகக் கதவைத் திறந்து, அவரை இழுத்து வெளியே போட்டதால் பிழைத்தார். நேற்று கண் விழித்ததும் போலீஸ் அதிகாரி விசாரித்தார். பெரியவர் சொன்னது இரண்டே வரி. "நான்தான் செஞ்சுக்கிட்டேன். விடியக்காலை அஞ்சு மணிக்கே வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன்." அதோடு வாய்க்குப் பூட்டு.

இன்று மாலை ஆறு மணிக்கு டாக்டர் வருவார். மகள் ஒரு கையெழுத்துப் போட்டால் பெரியவரை மனநல ஆஸ்பத்திரிக்கு, வெளியே பூட்டுகிற வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"ஏன் செஞ்சாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்," என்று காலையில் ஆபீஸுக்கு வந்து அழுதாள். "எனக்குத் தெரியும். ஆனா அதை வேற யாராவது என் முகத்துக்கு நேரா சொல்லணும்."

இப்போது மேடம் ஷெட் வாசலுக்கு வந்து, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடியது.

"காலையில எனக்குத் தெரியும்னு சொன்னியே, என்ன தெரியும்?"

"அதுக்கு முந்தின நாள் சண்டை." அவள் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்தாள். "ரெண்டு வாரம் முன்னாடி வண்டி புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுச்சு. அன்னிலேருந்து அப்பாவுக்கு இந்த ஷெட்டே கதி. தினம் இன்ஜினைப் போட்டுப் போட்டுப் பாக்கறது. அன்னைக்குப் பின்னாடி கொடியில வெள்ளை கவுன் ஒன்னு காத்தாட மாட்டியிருந்தேன். மறுநாள் டெலிவரி. கீழ் ஓரம் பூரா கரி." பேசிக்கொண்டே குனிந்து, சுருட்டிய துணியை ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். ஸ்டூல் ஆடுவது நின்றது. "சாயங்காலம் கத்திட்டேன் மேடம். இந்த வண்டி தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி, நீங்களும் அதோட சேந்து தொலைங்கன்னு கத்தினேன். அவர் ஒன்னுமே பேசல. தட்டைக் கழுவி வெச்சுட்டுப் படுக்கப் போயிட்டாரு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன். ஜோக் அடிக்க எதுவும் தோன்றாதபோது நான் கூரையைப் பார்ப்பது வழக்கம்.

"எங்க விழுந்து கிடந்தாரு? சீட்டுலயா?"

"இல்ல. வண்டிக்குப் பின்னாடி, தரையில. சுவரைப் பாத்து."

மேடம் எழுந்து உள்ளே போனார். நானும் போனேன். தையல்காரி வாசலைத் தாண்டவில்லை. முந்தாநாள் அப்பாவை இழுத்துப் போட்டதைத் தவிர, அவள் அதற்குள் கால் வைத்து இரண்டு வருஷமாகிறதாம்.

வண்டிக்குப் பின்னால் ஒரு நீளமான ரப்பர் குழாய் கிடந்தது. போலீஸ்காரர்கள் அதை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் கையகல ஓட்டை, இருட்டாகத் தெரிந்தது. மேடம் காருக்குள் எட்டிப் பார்த்தார். பின் சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பி பொருத்தியிருந்தது. முனைகளில் ரப்பர் வைத்து, ஆடாமல் முறுக்கி, சுத்தமான வேலை.

"குரங்கு வளர்க்கப் போறாரா மேடம்?"

"மணி என்ன?"

"மூணு இருபத்தஞ்சு."

"இதுல ஆறு நாற்பது காட்டுது." டாஷ்போர்டில் பச்சை எண்கள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

"பழைய வண்டி மேடம். கடிகாரமும் பழசு. அதையும் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

மேடம் அந்த எண்களையே பார்த்தார். பொய் சொல்கிறவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. கடிகாரம் கக்கிவிடும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"அந்த டப்பாக்களோட ரசீதுகள் கிடந்துச்சே, எந்த ஒர்க்ஷாப்?" என்றார் கடைசியில்.

*

ஒர்க்ஷாப் மூன்றாவது தெருவில் இருந்தது. மெக்கானிக் ஒரு வேனின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். நாங்கள் யார் என்று சொன்னதும் முழு உடம்பும் வெளியே வந்துவிட்டது. கை துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நான்தாங்க அவரைக் கொல்லப் பாத்தேன்," என்றார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். இவ்வளவு சுலபமாக ஒரு கேஸ் முடிந்தால் எங்கள் தொழில் என்னாவது?

"உக்காந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

"அந்த வண்டியில பெரிசா ஒன்னும் கோளாறு கிடையாதுங்க. பிளக் மாத்தினோம், ஃபில்டர் மாத்தினோம், ஆயில் மாத்தினோம், கார்புரேட்டரைக் கழுவி செட் பண்ணேன். அப்புறம் வேலை ஒன்னே ஒன்னுதான். டெஸ்ட்டுக்குக் கொண்டு போறப்ப இன்ஜின் நல்லா கொதிச்சிருக்கணும். குளிர்ந்த இன்ஜின் கன்னாபின்னான்னு புகை விடும். இருபது நிமிஷம் மெயின் ரோட்டுல விரட்டிட்டு நேரா டெஸ்ட் சென்டர்ல போய் நில்லுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"இவரால விரட்ட முடியாதா?"

"எப்படிங்க முடியும்? பழைய சர்டிஃபிகேட் காலாவதி. சர்டிஃபிகேட் இல்லாம ரோட்டுல சுத்தினா பிடிச்சு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டுலேருந்து சென்டருக்கு நேரா போகலாம், அவ்வளவுதான். அந்த சென்டரும் ரெண்டு தெரு தள்ளி. ரெண்டு தெருவுல என்னத்தைச் சூடாகும்? ரோட்டுல ஓட்டினாத்தான் சூடாகும், சூடானாத்தான் தேறும், தேறினாத்தான் ரோட்டுல ஓட்டலாம்."

"அரசாங்க ஆபீஸ்ல பிறந்த யோசனை மாதிரி இருக்கு," என்றேன்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அதனால நின்ன இடத்துலயே இருபது நிமிஷம் ஓடட்டும்னு சொன்னேன். கதவைத் திறந்து வெச்சா புகை வீட்டுக்குள்ள போகுது, பொண்ணு திட்டறான்னாரு. சரின்னு நான்தான் சைலன்சருல மாட்டறதுக்கு ரப்பர் குழாய் குடுத்தேன். பின்சுவருல அவரே ஓட்டை போட்டு, குழாயை அந்தப் பக்கம் சந்துக்கு விட்டாரு. நாலு நாள் ஒழுங்கா நடந்துச்சு. முந்தாநாள் குழாய் கழண்டிருக்குங்க. கிளாம்ப் போட்டு முறுக்கிக் குடுத்திருக்கணும். நான் சும்மா சொருகினாப் போதும்னு விட்டுட்டேன்."

"அவரே செஞ்சுக்கிட்டதா சொல்றாரே?"

"அவரா?" மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டியில கம்பி பாத்தீங்களா? அந்தப் பொண்ணு கவுனையெல்லாம் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போகுது. கசங்கக் கூடாதில்ல. இவருக்கு அது பொறுக்கல. எட்டு கவுன் தொங்கற மாதிரி கம்பி மாட்டியிருக்கேன், டெஸ்ட் தேறட்டும், அப்புறம்தான் அவகிட்ட சொல்லுவேன்னாரு. அன்னிக்குப் பத்தரை மணிக்கு டெஸ்ட்டுக்கு நேரம் வாங்கியிருந்தாரு. சாகறவரு நேரம் வாங்குவாராங்க?"

 மேடம், "அந்த வண்டிக் கடிகாரம் எப்பவும் தப்பாத்தான் ஓடுமா?" என்று கேட்டார்.

"கடிகாரமா? அது எப்படிங்க சரியா ஓடும்? பேட்டரி ராத்திரியில இறங்கிடுதுன்னு தினம் படுக்கறதுக்கு முன்னாடி ஒயரைக் கழட்டிடுவாரு. காலையில மாட்டினதும் கடிகாரம் பன்னிரண்டுலேருந்து ஆரம்பிக்கும். அவர் அதைத் திருத்தறதே இல்ல."

மேடம் என் பக்கம் திரும்பினார். "கணக்குப் போடு ரேடியோ. மூணு இருபத்தஞ்சுக்கு ஆறு நாற்பது காட்டுச்சு. அப்ப பன்னிரண்டு காட்டினது எப்போ?"

விரல் விட்டு எண்ணினேன். அந்த வண்டியின் ஒயரை முந்தாநாளுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. "எட்டே முக்கால்!"

"அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினேன்னு சொன்னவர் எட்டே முக்கால் வரைக்கும் பேட்டரியையே மாட்டல. ஒன்பதேகாலுக்கு மகள் கதவைத் திறந்துட்டா. அஞ்சு மணியிலேருந்து அந்தப் புகைக்குள்ள இருந்திருந்தா டாக்டருக்கு வேலையே இருந்திருக்காது." மேடம் எழுந்தார். "நேரத்துல பொய் சொன்னவர் மத்ததுல மட்டும் எதுக்கு உண்மை சொல்லப் போறாரு? அஞ்சு மணின்னு சொன்னா, அப்ப வீட்டுல யாரும் எழுந்திருக்கல, யார் மேலயும் சந்தேகம் வராது. யாரையோ இதுக்குள்ள வர விடாம தடுக்கப் பாக்கறாரு."

"யாரை?"

"உள்ளே அந்த ஓட்டையைப் பாத்தியே, எப்படி இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு."

"மத்தியானம் மூணரை மணி. ஓட்டைக்கு அந்தப் பக்கம் திறந்த வெளிச் சந்து. ஏன் இருட்டா இருந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெக்கானிக் துணியை முறுக்குவதை நிறுத்திவிட்டார்.

*

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றேன் சந்தில் நுழைந்ததும். "அடுத்த வீட்டுக்காரர்தான். இந்தச் சந்துல புகை வந்தா அவர் ஜன்னலுக்குத்தான் போகும். ஆளைப் பாத்தீங்களா, நாம கேட்டைத் திறக்கறப்ப முறைச்சுக்கிட்டே நின்னாரு. முறைக்கிறவன் அடைப்பான்."

"முதல்ல எடு. அப்புறம் தீர்ப்பு சொல்லு."

சந்து இரண்டடி அகலம்தான். தலைக்கு மேல் துணி காயப்போடும் கொடி. ஓட்டை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண பழைய ஓட்டை. குழாயின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, சுவருக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் குழாய் மாட்டியிருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவருக்குப் புகை போக இந்த ஒரே வழிதான் என்று இங்கே நிற்கிற யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஓட்டைக்குள் கெட்டியாக ஏதோ செருகியிருந்தது. இரண்டு விரலை விட்டு இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்ததும் பொத்தென்று வந்தது, நான் எதிர்ச்சுவரில் மோதினேன்.

கை கனத்துக்குச் சுருட்டிய துணி. வெட்டுத்துணிகளை இறுக்கிச் சுருட்டி, நடுவில் ஒரு நாடாவால் முடிச்சுப் போட்டிருந்தது. வெளிப்பக்கம் மஞ்சள் பூப்போட்ட துணி. உள்முனை கரியேறிக் கருப்பாகி, ஒரு துண்டு கிழிந்து போயிருந்தது.

அதை மேடத்திடம் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

மதியம் நாங்கள் தையல் அறை வழியாகத்தான் ஷெட்டுக்குப் போனோம். அங்கே நான் மேடத்தின் காதைக் கடித்திருந்தேன், இந்த வீட்டில் ஆடுகிற பொருளும் கிடையாது, காற்று நுழைகிற இடுக்கும் கிடையாது என்று. தையல் மெஷின் காலடியில் ஒரு சுருள். ஜன்னல் இடுக்கில் ஒரு சுருள். வாசல் கதவின் கீல் ஓரத்தில் ஒரு சுருள். எங்கள் கண்ணெதிரிலேயே அழுதுகொண்டே, பேச்சை நிறுத்தாமல், மேடத்தின் ஸ்டூலுக்கு ஒன்று. அது அவளுக்கு வேலையே இல்லை. மற்றவர்கள் விரலில் சொடக்கு எடுப்பது மாதிரி கை தானாகச் செய்கிறது.

"கவுன்ல கரி படிஞ்சுது," என்றார் மேடம் மெதுவாக. "கவுனைக் கொடியிலேருந்து எடுத்தா. ஓட்டையிலேருந்து கரி வருதுன்னு பாத்தா. பையிலேருந்து துணியை எடுத்துச் சுருட்டி அடைச்சா. அப்புறம் உள்ள போய்ச் சண்டை போட்டா. சண்டை ஞாபகம் இருக்கு. இது ஞாபகம்கூட இல்ல."

"மறுநாள் காலையில அவர் இன்ஜினைப் போட்டாரு."

"புகைக்குப் போக வழியில்ல. குழாயைப் பிடுங்கிக்கிட்டு ஷெட்டுக்குள்ளயே கொட்டிச்சு."

 அடுத்த வீட்டுக்காரராகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பாவம், அவர் சும்மா முறைத்துக்கொண்டிருந்த மனுஷன்.

"மேடம், இதைத் தூக்கிக் குப்பையில போட்டுடலாம். குழாய் தானா கழண்டுச்சுன்னு சொல்லலாம். மெக்கானிக்கே ஒத்துக்கறாரு."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இதுவரை அவர் என் மேல் வைத்ததில்லை. நான் அவருக்குப் பின்னால் நடந்தேன்.

*

ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி. மருந்து வாங்கி வருகிற சாக்கில் மேடம் மகளைக் கீழே அனுப்பிவிட்டார். பெரியவர் ஜன்னலோரக் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாத ரகம். அதன் இடுக்கில் நீலத் துணிச்சுருள் ஒன்று செருகியிருந்தது. ஆஸ்பத்திரியையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்தரை மணி டெஸ்ட்டைத் தவற விட்டுட்டீங்களே ஐயா."

பெரியவர் திரும்பவில்லை.

"எட்டே முக்காலுக்குத்தான் பேட்டரி ஒயரை மாட்டினீங்க. உங்க வண்டிக் கடிகாரம் சொல்லுது. எட்டு கவுன் மாட்டறதுக்குக் கம்பி வெச்சிருக்கீங்க. மெக்கானிக் சொன்னாரு. மிச்சத்தை நீங்க சொல்லுங்க. ஓட்டையை அடைச்ச துணியில ஒரு துண்டு கிழிஞ்சிருக்கு, கையில என்ன பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க?"

அதற்குத்தான் அவர் திரும்பினார். எழுபது வயசு முகம். தலையணைக்கு அடியிலிருந்த கண்ணாடிக் கூட்டின் மேல் அவர் கை போய் உட்கார்ந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க."

"குழாய் படார்னு பிடுங்கிக்கிட்டு வந்துச்சும்மா. திரும்ப மாட்டலாம்னு இறங்கினேன். என்னடா அடைப்புன்னு ஓட்டைக்குள்ள பாத்தா மஞ்சப்பூ துணி. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சத்தியமா சொல்றேன், எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. வீட்டுல ஒரு ஓட்டையை விடமாட்டாளேன்னு. பிடிச்சு இழுத்தேன். துண்டுதான் வந்துச்சு. தலை சுத்திச்சு. இன்ஜினை நிறுத்தணும்னு தோணிச்சு, கால் வரல. அப்புறம் இங்கதான் முழிச்சேன். போலீஸ்காரர் நிக்கறாரு, எப்படி நடந்துச்சுன்னு கேக்கறாரு. பெத்த பொண்ணு கையால போயிருப்பேன்னு சொல்ல முடியுமா? அவ அதுக்கப்புறம் ஊசியைத் தொடுவாளா? வாயில வந்ததைச் சொல்லிட்டேன். நான்தான் செஞ்சுக்கிட்டேன்னா யாருக்கும் கஷ்டமில்ல."

"யாருக்கும் இல்லையா? ரெண்டு நாளா அவ என்ன நினைச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியுமா?"

"என்ன நினைப்பா?"

"வண்டியோட சேந்து தொலைங்கன்னு சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் நீங்க அப்படிப் பண்ணிக்கிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

பெரியவர் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அதுக்கா? அட, அவ கோவம் வந்தா ஆயிரம் சொல்லுவா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நான் காதுலயே போட்டுக்கறதில்லையே தம்பி!"

"நீங்க போட்டுக்கல. அவ போட்டுக்கிட்டா," என்றார் மேடம்.  "வேணும்னே சொன்ன சொல்லா, யோசிக்காம செஞ்ச கையா, ரெண்டுல ஒன்னை அவ சுமந்துதான் ஆகணும். நீங்க அவளுக்குப் பொய்யானதைக் குடுத்திருக்கீங்க. அதுதான் ரெண்டுல கனமானது. நான் அவகிட்ட ஒன்னும் சொல்லப் போறதில்ல. அது உங்க வேலை."

கதவு திறந்தது. மருந்துப் பையோடு மகள் வந்தாள். அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். கண் விழித்ததிலிருந்து அவர் அவள் பக்கமே திரும்பவில்லையாம்.

பெரியவர் மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரிடமும் உதவி கிடையாது என்று புரிந்திருக்கும். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு விரல் அளவுத் துணியை எடுத்து நீட்டினார். கரி படிந்த மஞ்சள் பூ.

"இங்க வாம்மா. நீ சொன்னதுக்கும் எனக்கு நடந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. குழாயில அடைப்பு. அவ்வளவுதான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. துணியைத் திருப்பினாள். தான் வெட்டிய துணி தனக்குத் தெரியாதா? விரலால் அதன் ஓரத்தைத் தடவினாள்.  மருந்துப் பை கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை, யாருமே எடுக்கவில்லை.

"சந்துல..." என்றாள். "கவுனை எடுத்தப்ப..."

"ஆமாம்மா. உனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் என்ன பண்றேன்னு நான்தான் உன்கிட்ட சொல்லவே இல்லையே."

"நான் உங்களை..."

"இழுத்து வெளியே போட்டதும் நீதானே?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நின்றாள்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கையில் ஃபாரம். "பொண்ணு நீங்கதானே? இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மாத்திடலாம்."

அவள் ஃபாரத்தை வாங்கி முழுவதும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எழுதியிருக்கறது தப்பு சார். அவர் செஞ்சுக்கல. நான் செஞ்சது. புகை போற வழியை நான் அடைச்சுட்டேன். போலீஸ்ல எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன்."

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மேடம் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் கையில் ஒரு காகிதப் பை. உள்ளே சந்திலிருந்து எடுத்த சுருள்.

அறையில் நான் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றேன். போயிருக்க வேண்டும், காலெழவில்லை. அவள் ஜன்னலுக்குப் போனாள். இடுக்கிலிருந்த நீலச் சுருளை இரண்டு கையாலும் பிடித்து, வெறி வந்தவள் போல இழுத்துப் பிடுங்கினாள். சாயங்காலக் காற்று உள்ளே அடித்தது. பெரியவரின் போர்வை ஓரம் படபடத்தது. பிடுங்கியதை எங்கே எறிவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அம்மா," என்றார் பெரியவர்.

அவள் திரும்பவில்லை.

"குளிருதும்மா. அதை அடைச்சு விடு."

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீ அடைச்சாத்தான் நிக்கும். நான் வெச்சா விழுந்துடும்."

வெகுநேரம் ஆயிற்று. பிறகு துணியைப் பிரித்து, மறுபடி இறுக்கிச் சுருட்டி, இடுக்கில் வைத்து அழுத்தினாள். காற்று நின்றது. நான் கீழே குனிந்து, சிதறிக் கிடந்த மருந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.